கத்தியைக் கீழே வை

என் தரைதான் அவருடைய கூரை.
ஏழு மாதமாய் எங்களுக்குள் நடந்த பேச்செல்லாம்
ஒரு துடைப்பக் கட்டை பேசியதுதான்.
விடிகாலை மூன்றுக்கு நான் பூட்ஸோடு நடந்தால்
கீழிருந்து டொக்.
குளித்தால் டொக் டொக்.
தபால் பெட்டியில் பெயர் பார்த்திருக்கிறேன்:
ஆர்வோ கிவெலா.

டுலூத்தில் ஜனவரி.
பனி தள்ளும் வண்டியை டிப்போவில் விட்டுவிட்டு வந்தேன்.
நெடுஞ்சாலை மூடிக்கிடக்க
கடையில் ரொட்டித் தட்டு துடைத்துவைத்த மாதிரி.
வீட்டில் அவன் செத்து இரண்டு மாதமாகிறது.
ரொட்டி சுடும் அவனைச் சொல்கிறேன்.
மற்றவன் ஃபார்கோவில் நன்றாகத்தான் இருக்கிறான்.

அதனால்தான் இங்கிலிஷ் மஃபின்.
அடுப்பின் மேலேயே வெந்துவிடும்.
முந்தின இரவே பிசைந்து வைத்திருந்தேன்.
பிசைந்தேன் என்பது பெருமைக்கு.
பாலும் ஈஸ்ட்டும் குடித்த மாவு
கடன் கேட்க வந்த உறவுக்காரனைப் போல
கையை விடவே இல்லை.
ஃப்ரிட்ஜுக்குள் இரவெல்லாம் எதையோ யோசித்து
இரண்டு மடங்காகியிருந்தது.

வளையம் வாங்கவில்லை.
டூனா டப்பாக்கள் ஆறு,
இரண்டு பக்கமும் வெட்டி,
மூன்று முறை கழுவி, முகர்ந்து,
இன்னொரு முறை கழுவி.
இரும்பு வாணலியில் சோளக் குருணை தூவி
வளையங்களுக்குள் மாவைச் சரித்தேன்.
சிறுதீ, பக்கத்துக்கு ஏழு நிமிடம்.
பதினோரு மணிநேரம் பனி தள்ளியவளுக்கு
ஏழு நிமிடம் எத்தனை நீளம் என்று
அதை எழுதியவருக்குத் தெரியாது.
நாற்காலியில் சற்றே கண் மூடினேன்.

குருணைதான் முதலில் கருகியது.
புகைமணி வீறிட்டது.
ஸ்டூலில் ஏறி, எட்டாமல், துண்டை வீசிக்கொண்டு
எனக்குத் தெரிந்த கெட்ட வார்த்தைகளை
ஒன்றுவிடாமல் சொல்லி முடிக்கும்போது
கதவைத் தள்ளிக்கொண்டு
கோடுபோட்ட பைஜாமா ஒன்று வந்தது.
கையில் அந்தத் துடைப்பம்.
அதை நேரில் பார்ப்பது அன்றுதான்.
நீலக் கட்டை. நுனியில் அவர் வீட்டுச் சுண்ணாம்பு.
பித்தானில் ஒரே குத்து,
மணி அடங்கியது.
“மேலே குத்திக் குத்திப் பழக்கம்” என்றார்.
“நீங்கள்தான் ஹௌகனா?”

முதல் ஆறும் குப்பைக்கு.
மேலே தார், உள்ளே கூழ்.
அடுத்த ஆறுக்குக் கேட்காமலே
தீயை அவர் பார்த்துக்கொண்டார்,
அரைமுழங்காலில் குனிந்து,
குழந்தையின் காய்ச்சலைப் பார்ப்பது போல.
திருப்பிப் போட்டோம். வாசம் எழுந்தது.
நான் கத்தியை எடுத்தேன்.
“கத்தியைக் கீழே வை.”
போலீஸ்காரர்கூட அப்படிச் சொல்லியிருக்க மாட்டார்.

ஆக்கப் பொறுத்தாயிற்று, ஆறவும் பொறுத்தோம்.
பிறகு முள்கரண்டியால்
விளிம்பைச் சுற்றிச் சுற்றிக் குத்தி
மெல்லப் பிய்த்தார்.
உள்ளே மேடும் பள்ளமும்,
சின்னச் சின்னக் குகைகள்.
என் வண்டி ஓரம் ஒதுக்கிவிட்டுப் போகும் பனியை
யாராவது உடைத்துப் பார்த்தால் இப்படித்தான் இருக்கும்.
வெண்ணெய் ஒவ்வொரு குழியாய் விசாரித்துக்கொண்டே
இறங்கிப் போயிற்று.
“வெட்டினால் வழுவழுவென்றாகிவிடும். எதுவும் தங்காது.”
அவ்வளவுதான் சொன்னார்.
வாயில் பாதியை வைத்துக்கொண்டே சொன்னார்.

இரண்டைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு
இறங்கிப் போனார்,
துடைப்பத்தை என் சுவரோரம் மறந்துவிட்டு.

மறுநாள் பூட்ஸைக் கையில் பிடித்துப் படியேறினேன்.
கீழே சத்தமில்லை.
எப்படி இருக்கும்? கட்டை என்னிடம்.
வாணலியைச் சூடேற்றினேன்.
ஆறும் பழுதில்லாமல் வந்தன.
நீலக் கட்டையைத் தலைகீழாய்ப் பிடித்து
என் தரையில் ஒரு தட்டு.

நெடுநேரம் ஒன்றுமில்லை.
தூங்கும் மனிதரை எழுப்பிவிட்டேனோ என்று
முதன்முதலாக நான் வருந்தினேன்.

பிறகு, சுவருக்குள் ஓடும் வெந்நீர்க் குழாயில்
மெலிதாக, நாலு பல் இரும்பு:
டிங்.